கழுத்து மட்டும்

"முழு உடம்பா,
கழுத்து மட்டுமா மேடம்?"
விற்கிறவர் போனில் பொறுமையாகத்தான் கேட்டார்.
நாளைக்குச் சொல்லுதேன் என்று வைத்தேன்.
அந்த நாளைக்கு
மூன்று வாரம் ஆகிறது.

சமாதானபுரத்து மாடி வீட்டில்
மாவு கிரைண்டருக்குப் பக்கத்து மேசையில்
பிரஸ்ஸை போல்ட் போட்டு இறுக்கியாகிவிட்டது.
லைசென்ஸ், அதன் நகல், நகலின் நகல்
பிளாஸ்டிக் கவருக்குள் சுவரில் தொங்குகின்றன.
சுட்ட தோட்டாவின் பித்தளை உறைகள் முப்பத்தெட்டும்
முறுக்கு டப்பாவில்.
டை ஒன்றுதான் பாக்கி.

வெடிக்கிற நொடியில் உறை உப்பி
துப்பாக்கியின் அறைச்சுவர்வரை போய் ஒட்டி
அதன் அளவை வாங்கிக்கொண்டு வெளியே விழுகிறது,
தையல்காரரிடம் கொடுத்தனுப்பும்
அளவு ரவிக்கை மாதிரி.
கழுத்து டை
குண்டைக் கவ்வும் இடத்தை மட்டும் இறுக்கும்.
உடம்பைத் தொடாது.
உறை தன் துப்பாக்கிக்குள்
சத்தம் காட்டாமல் போய் உட்காரும்,
இன்னொன்றில் மல்லுக்கு நிற்கும்.
முழு உடம்பு டை
தோளையும் இடுப்பையும் நசுக்கி
கம்பெனி அளவுக்கே கொண்டுவந்துவிடும்.
எந்த அறைக்கும் போகலாம்.
நசுக்க நசுக்கப் பித்தளை களைத்து
ஒருநாள் கீறிவிடும் என்றும் சொல்லுகிறார்கள்.

கழுத்து போதும் என்று சொல்லியிருக்கலாம்.
ஒரு துப்பாக்கிதானே எனக்கு.
ஆனால் முப்பத்தெட்டில்
பதினேழு ஜெபசிங்குடையது.

கங்கைகொண்டான் தாண்டிய பொட்டலில்
ஆடிக்காற்று செம்மண்ணை வாரி முகத்தில் போடும்.
அவன் சுடும்போது நான் காற்றுச் சொல்லுவேன்,
நான் சுடும்போது அவன்.
முடிந்ததும் இரண்டு பேருமாய் முட்டுப்போட்டுப் பொறுக்கி
ஒரே டப்பாவில் போடுவோம்.
யாருடையது என்று கேட்க
அன்றைக்கு என்ன இருந்தது.

மாநிலப் போட்டிக்கு ஓர் ஆள்தான் என்றார்கள்.
பட்டியலில் என் பெயர்.
"சரிட்டீ, நல்லாச் சுடு"
என்று சொல்லிவிட்டு
பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல்
கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான்.
தூத்துக்குடியில் உப்புக் கம்பெனியில் இருப்பதாய்க் கேள்வி.

அவன் உறை ஒன்றை
என் துப்பாக்கியில் வைத்துப் பார்த்தேன்.
போல்ட் முக்கால்வாசி இறங்கி நின்றது.
இன்னும் ஒரு மயிரிழை.
அழுத்தினால் போய்விடும்போல் இருந்தது.
அழுத்தினேன்.
போகவில்லை.

பதினேழையும் பழைய பித்தளைக்குப் போட்டுவிடலாம்.
ரிஜிஸ்டரில் முப்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறதே
என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டு
முழு உடம்பு டைக்குப் பணம் அனுப்பினேன்.

விரல் நுனியில் லானோலின் தொட்டுத் தடவி
ஒவ்வொன்றாய் ஏற்றி நெம்புகோலை இறக்கினால்
அவனது பதினேழும் வழுக்கிக்கொண்டு போய் வந்தன.
சிக்கியது என்னுடையது.
என்னுடையதுதானே என்று
எண்ணெய்க்குக் கஞ்சம் பார்த்திருக்கிறேன்.

பேட்டையில் லேத் வைத்திருக்கும் மைதீன் பிச்சை
உறையின் அடியில் துளையிட்டு, மரை வெட்டி,
போல்ட் ஒன்றை முறுக்கி இழுத்தெடுத்தார்.
"டைக்கு ஒண்ணும் ஆவலக்கா.
உறைதான் போச்சு."
முப்பத்தேழு.
சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.

எல்லாம் இப்போது ஒரே அளவு.
மேசை விளக்கில் உருட்டிப் பார்த்தால்
அவனா நானா என்று தெரியவில்லை.
டை எட்டாத இடம் ஒன்று உண்டு,
அடி விளிம்பு.
அவன் துப்பாக்கியின் கொக்கி
உறையைப் பிடித்திழுத்து வெளியே எறியும்போது
போட்ட கீறல்,
பதினேழிலும் ஒரே சாய்வில்.
அழுக்கோ என்று துணியால் துடைத்தும் பார்த்தேன்.

கிரைண்டரை நிறுத்தி மாவை வழித்தேன்.
ஞாயிற்றுக்கிழமை கங்கைகொண்டான்.
இருபது வேண்டும்.
கையைக் கழுவித் துடைத்துவிட்டு
டப்பாவுக்குள் விட்டு
பார்க்காமல் எண்ணி எடுத்தேன்.